பிற விவரம்

அண்ணாச்சி, பேப்பரைப் படித்து முடித்துவிட்டீர்களா? முழுவதும் வேண்டாம். உள்ளே அணை நிலவரம் போட்டிருப்பான், அந்தத் தாளை மட்டும் கொடுத்தால் போதும். கோவில்பட்டியில் நீங்கள் ஏறும்போதே கையில் பேப்பரைப் பார்த்தேன். உடனே கேட்டால் நன்றாக இருக்காது என்று சாத்தூர் வரட்டும் எனக் காத்திருந்தேன்.

அம்பாசமுத்திரத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். எங்கள் தெருவுக்கு அப்போது பேப்பர் வந்திருக்காது. திருநெல்வேலியில் மாறும்போது கடையில் கேட்டேன், இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை என்றான்.

நன்றி. இதோ இருக்கிறது. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு.

நிலமா? எனக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அணையில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் எனக்கு ஒரு வாளி போதும். இது என் மகளுக்கு. சென்னையில் இருக்கிறாள். அவளுக்கும் நிலம் கிடையாது.

அந்தக் கவரை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறேன். மடங்கக் கூடாது, உள்ளே ஃபிலிம் இருக்கிறது. நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள்? மாட்டுத்தாவணியா. இல்லை, சும்மா கேட்டேன்.

என் பெயர் தளவாய். தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவன். நான் இருந்த பிரிவில் காலையில் முதல் வேலை, கலெக்டர் ஆபீசுக்குப் போன் செய்து எட்டு மணி நிலவரம் சொல்வது. அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அணை. பிறகு மழை. கடைசியில் பிற விவரம். வீடு இடிந்தது, மாடு செத்தது, ஆளை வெள்ளம் கொண்டுபோனது எல்லாம் பிற விவரத்தில்தான் வரும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ‘பிற விவரம் இல்லை’ என்று சொல்வேன். எதிர்முனையில் எழுதிக்கொள்பவரும் அந்த வார்த்தைக்குத்தான் காத்திருப்பார். கேட்டதும் போனை வைத்துவிடுவார்.

ஓய்வு பெற்ற பிறகு காலை எட்டு மணி சும்மா வந்துவிட்டுப் போனது. அந்தச் சமயம்தான் மகள் சென்னைக்குப் போனாள். போகிறபோது இந்தப் போனில் பேசி அனுப்புவது எப்படி என்று காட்டிக் கொடுத்தாள். ‘இதை அமுக்கிக்கிட்டுப் பேசுங்கப்பா, விட்டா எனக்கு வந்துரும்’ என்றாள். அவள் அம்மாவுக்கு இந்த யோசனையெல்லாம் தேவையில்லை. கூப்பிட்டால் போன் சூடாகும் வரை பேசுவாள். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஒருநாள் அமுக்கிக்கொண்டு நின்றேன். வாயில் பாபநாசம் வந்தது. பிறகு தினமும் பேப்பரைப் பார்த்து அதுவே.

முதலில் கட்டை விரல் படம் அனுப்புவாள். பிறகு அதுவும் நின்றது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. கலெக்டர் ஆபீசில் மட்டும் தினமும் நன்றி சொன்னார்களா?

அவள் பெயர் உலகம்மை. பாபநாசத்து அம்மன் பெயர். பள்ளிக்கூடத்தில் இந்தப் பெயரால் கேலி செய்கிறார்கள் என்று அழுதிருக்கிறாள், வீட்டில் உலகு என்று சுருக்கினோம். இப்போது போஸ்டரில் முழுப் பெயரும் போட்டுக்கொள்கிறாள். விளம்பரக் கம்பெனியில் படம் வரையும் வேலை பார்த்தாள், விட்டுவிட்டாள். இப்போது மேடையில் தனி ஆளாக ஒரு மணி நேரம் நிற்கிறாள். கவிதை சொல்கிறாள், நடிக்கிறாள், படம் வரைகிறாள், பின்னால் புரொஜெக்டரில் வேறு படம் ஓடுகிறது. எல்லாம் ஒரே சமயத்தில். ‘மக என்ன செய்றா’ என்று யாராவது கேட்டால் கலைத்துறை என்பேன். சினிமாவா என்பார்கள். இல்லை என்பேன். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன், ஐப்பசியில், என் மனைவி கோமதி போய்ச் சேர்ந்தாள். அதைச் சொன்னால்தான் இது புரியும்.

திங்கட்கிழமை சாயங்காலம் மூச்சு முட்டுகிறது என்றாள். பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். செவ்வாய் காலை எட்டு மணிக்கு மகளுக்குத் தகவல் கொடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்று, தெளிவாக. வியாழக்கிழமை கோமதி போய்விட்டாள். மகள் வெள்ளிக்கிழமை வந்தாள்.

இதுதான் என் மனத்தாங்கல். செவ்வாய் சொன்னதற்கு வெள்ளி வந்தாள். வந்தவள் வாசற்படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் ஏதோ செய்துவிட்ட மாதிரி. பதினாறு முடிகிற வரை இருந்தாள், பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டாள். சொந்தக்காரர்கள் என்னிடம் தனித்தனியாக வந்து ‘ஏன் பிள்ளை பிந்தி வந்துச்சு’ என்றார்கள். ‘லீவு கிடைக்கலை’ என்றேன். அவள் அப்போது வேலையை விட்டிருந்தாள், எல்லோருக்கும் தெரியும். நான் அவளிடம் ஏன் என்று கேட்கவில்லை. தகவல் போய்ச் சேர்ந்த பிறகு வருவதும் வராததும் அவரவர் இஷ்டம்.

போன் செய்து கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். தகவல் கொடுத்தாகிவிட்டது அண்ணாச்சி. கொடுத்த பிறகு மறுபடி கொடுத்தால் அதற்குப் பெயர் நினைவூட்டு. பெற்ற தாயைப் பார்க்க வா என்று மகளுக்கு நினைவூட்டு அனுப்புவார்களா?

புதனும் வியாழனும் அனுப்பினேன், அனுப்பாமல் இல்லை. அணை, மழை, பிற விவரம் ‘அம்மா நிலையில் மாற்றம் இல்லை’. வியாழன் எட்டு மணிக்கு உண்மையிலேயே மாற்றம் இல்லை. அவள் போனது பத்தரை மணிக்கு. அது மறுநாள் நிலவரத்தில்தான் வரும். அதற்குள் கோமதியின் தங்கை மகன் முந்திக்கொண்டு சென்னைக்குப் போன் செய்துவிட்டான்.

விருதுநகர் வந்துவிட்டது போலிருக்கிறது. டீ குடிக்க இறங்குகிறீர்களா? நான் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் குடித்துவிட்டு வாருங்கள். சீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.

வந்துவிட்டீர்களா. எதில் விட்டேன்? ஆமாம், வருஷம் மூன்று ஓடிவிட்டது. நான் நிலவரம் அனுப்புவதை நிறுத்தவில்லை. அவள் தீபாவளிக்கு வருவாள், பொங்கலுக்கு வருவாள், சமைப்பாள், போவாள். போன மாசியில் அவளிடமிருந்து ஒரு வரி வந்தது. ‘சென்னையில் என் நிகழ்ச்சி. வரணும்னு தோணினா வாங்கப்பா.’ வரவும் என்று போடவில்லை. இருந்தாலும் போனேன்.

எழும்பூர்ப் பக்கம் சின்ன அரங்கு. எல்லாம் சின்னப் பிள்ளைகள், கண்ணாடி போட்டவர்கள். நிகழ்ச்சியின் பெயர் ‘நீர்மட்டம்’. எனக்கு அப்போதே கொஞ்சம் தட்டியது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் திரைக்குப் பதிலாக ஒரு சேலையைக் கட்டியிருந்தாள். வெளிர் மஞ்சள். கோமதியுடையது. பீரோவில் நான் அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

விளக்கை அணைத்தார்கள். இருட்டில் என் குரல் கேட்டது.

‘காலை எட்டு மணி நிலவரம்.’

சத்தமாக, நாலு பக்கமும் இருந்து. அவள் போனில் இருந்ததை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றாகப் போடுகிறாள். அணை மட்டம் சொல்லச் சொல்ல, தூரிகையால் சேலையில் நீலக் கோடு இழுக்கிறாள். நூற்று இருபதுக்கு ஓரிடத்தில் கோடு போட்டவள், நூற்றுப் பத்துக்கு அதற்கு மேலே போடுகிறாள். அளவே இல்லை. கார்த்திகை மாதத்து நிலவரத்தைப் போட்டுவிட்டு அடுத்ததாகச் சித்திரையைப் போடுகிறாள். பக்கத்துச் சீட்டுப் பையனிடம் சொன்னேன், ‘தம்பி, வரிசை தப்பாயிருக்கு’ என்று. ‘ஷ்’ என்றான்.

பிறகு அவள் என்னை மாதிரி நடித்துக் காட்டினாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, போனை வாய்க்கு நேராகத் தட்டு மாதிரி பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றாள். சனங்கள் சிரித்தார்கள். நான் அப்படி நிற்கவே மாட்டேன். கோமதி மாதிரியும் நடித்தாள். அது சரியாக இருந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்து வெங்காயம் உரிப்பாள், அதே மாதிரி. யாரும் சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமையைப் போட்டாள்.

‘பாபநாசம் நூற்று இருபத்தேழு அடி. சேர்வலாறு நூற்று முப்பத்தொன்பது. மணிமுத்தாறு எழுபத்தொன்று, மாற்றம் இல்லை. மழை, அம்பாசமுத்திரத்தில் பன்னிரண்டு மில்லிமீட்டர். பிற விவரம், அம்மாவை நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கு. வர முடிந்தால் வரவும்.’

எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். பின்னால் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ சத்தம்கூடக் கேட்கிறது. என் குரலில் ஒரு பிசிறு இல்லை.

அதற்கு அவள் ஒரு கவிதை சொன்னாள். எனக்கு அது மட்டும் மனப்பாடம் ஆகிவிட்டது.

‘தினமும் வந்த தண்ணீரை
நான் திறந்து பார்க்கவில்லை.
ஒருநாள் அதில்
அம்மா வந்தாள்.’

அதாவது, அவள் கேட்கவே இல்லை. அப்பா அணைதானே சொல்வார் என்று திறக்காமல் விட்டிருக்கிறாள். சித்தி மகன் போன் செய்த பிறகு, ரயிலில் வரும்போதுதான் எல்லாவற்றையும் திறந்து கேட்டிருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு மேலாக நான் மகள் வேண்டுமென்றே வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். இது எனக்கு எப்போது தெரிகிறது? டிக்கெட் வாங்கிய நூறு பேருக்குத் தெரியும்போது எனக்கும் தெரிகிறது.

புரொஜெக்டரில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து சேலை முழுவதும் மூடிவிட்டது. அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். முகத்தில் விளக்கு அடிக்கிறது, அவளுக்கு எங்களைத் தெரிந்திருக்காது. கவிதைக் குரலில் இல்லை, வீட்டில் பேசுகிற குரலில் கேட்டாள்.

‘ஏம்ப்பா அதைக் கடைசில சொன்னீங்க?’

கேட்டுவிட்டு நிற்கிறாள். நான் என்ன செய்ய? கேட்டது என்னைத்தானே. கேள்வி வந்தால் பதில் கொடுத்துப் பழகியவன். எழுந்து நின்றேன்.

‘அப்படித்தான் உலகு. அணை முதல்ல. மழை ரெண்டாவது. உயிர்ச்சேதம் கடைசிலதான்.’

உட்காரும்போதுதான் பார்த்தேன், இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. பிறகு கை தட்டினார்கள் அண்ணாச்சி. அப்படி ஒரு தட்டு. அதுவும் நாடகத்தில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். ‘ஷ்’ என்ற பையன் என் கையைப் பிடித்துக் குலுக்கி, ‘செம டைமிங் சார், எந்தக் குரூப் நீங்க?’ என்றான். ‘வருவாய்த் துறை’ என்றேன்.

ஒரு பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். பார்வையாளர் நடுவே அமர்த்தப்பட்டிருந்த முதிய நடிகரின் உணர்ச்சியற்ற உச்சரிப்பு நிகழ்ச்சியின் உச்சம் என்று. நடிகரின் பெயர் போடவில்லை.

எல்லோரும் போன பிறகு மேடைக்குப் பின்னால் போனேன். கை இரண்டிலும் நீலச் சாயம். என்னைத் தொட வந்தவள் சட்டையைப் பார்த்து நின்றுவிட்டாள். வெள்ளைச் சட்டை. தொட்டிருக்கலாம், துவைத்தால் போயிருக்கும். நானும் அதைச் சொல்லவில்லை.

‘ஒரு போன் பண்ணியிருக்கலாம்லாப்பா’ என்றாள்.

‘தகவல் கொடுத்தேனே.’

‘நான் கேக்கலப்பா.’

‘அதை நீ மேடைல சொல்லித்தான எனக்குத் தெரியுது.’

‘நீங்களும் அங்கன எந்திரிச்சுதான சொன்னீங்க.’

அவள் கையை ஒரு துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். போகவில்லை அந்தச் சாயம். கொஞ்ச நேரம் கழித்து, சிரித்தாளா என்னவென்று தெரியவில்லை, சொன்னாள்: ‘இப்பல்லாம் உங்க மெசேஜ் வந்தா கடைசிலேர்ந்துதாம்ப்பா கேக்கேன். விரலை வச்சு இழுத்து, பிற விவரத்தை முதல்ல கேட்டுருவேன். அது இல்லைன்னு நீங்க சொன்ன பெறகுதான் எனக்கு மூச்சே வரும். அப்புறம் பாபநாசத்துலேர்ந்து முழுசா கேப்பேன்.’

தினமும் கேட்கிறாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ராத்திரி ரயிலில் வரும்போது யோசித்தேன். அடுத்த நாள் முதல் அந்தக் கடைசி வரியை இன்னும் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நிகழ்ச்சியை எங்கே போட்டாலும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா நிற்கிறாளாம். ‘பெரியவர் வருவாரா’ என்று அமைப்பாளர்கள் கேட்கிறார்களாம். அவள் என்னைக் கூப்பிடவில்லை. ஆனி மாதம் கோயம்புத்தூரில் போட்டாள். நானாகப் போனேன், சொல்லாமல். கடைசி வரிசை. மாடிப்படி ஏறி வந்து உட்காரும்போதே எனக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

இந்தத் தடவை வேறு பதில் வைத்திருந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். என்ன பதிலா? அது இங்கே எதற்கு.

அவள் கேட்டாள். ‘ஏம்ப்பா அதைக் கடைசில சொன்னீங்க?’ இருட்டைப் பார்த்து நின்றாள். நான் முன் சீட்டைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. நெஞ்சில் ஒரு கல்லை வைத்த மாதிரி. மூச்சைத் தேடிக்கொண்டிருந்தேன், பேச்சுக்கு எங்கே போவது. அவள் நின்றாள், நின்றாள். யாரோ இருமினார்கள். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், ஏதோ மறந்துவிட்டாளோ என்று. பிறகு அவளே தலையை ஆட்டிவிட்டு அடுத்த கவிதைக்குப் போய்விட்டாள். முடிவதற்கு முன்னால் கீழே இறங்கிவிட்டேன்.

மறுநாள் அவளே போன் செய்தாள். அவள் என்னைக் கூப்பிடுவது அபூர்வம்.

‘கோயம்புத்தூருக்கு வந்தீங்களா?’

‘வந்தேன். நல்லாயிருந்துச்சு.’

‘எங்க இருந்தீங்க?’

‘கடைசில.’

‘ஏம்ப்பா ஒண்ணும் சொல்லலை?’

‘கூட்டமா இருந்துச்சுல்லா.’

கூட்டமே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். சரிப்பா என்று வைத்துவிட்டாள். என்ன நினைத்தாளோ.

திருமங்கலம் தாண்டினால் நான் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். ரிங் ரோட்டில் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்துவார்களாம். நெஞ்சுக்குள் ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்ப்பார்களாம். பார்த்துவிட்டுத்தான் என்னவென்று சொல்வார்களாம். மயக்கம் கொடுப்பதால் கூட ஒரு ஆள் வர வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லையாம், வயது வந்த ஆளாக இருந்தால் போதுமாம். நீங்கள் மாட்டுத்தாவணி என்றீர்கள் இல்லையா. அங்கே அவசர வேலை இருக்கும். கல்யாணமா, நல்லது, நல்லது. ஆஸ்பத்திரியில் யாரையாவது கேட்டுக்கொள்கிறேன்.

மகளிடமா? இன்று ராத்திரி அவளுக்கு விமானம். சிங்கப்பூரில் சனிக்கிழமை நிகழ்ச்சி. அங்கே நம் ஆட்கள் நிறைய வருவார்களாம். இந்த நேரத்தில் சொன்னால் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வந்து நிற்பாள். அப்படிப்பட்ட பிள்ளைதான். நான்தான் இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டேன். முடிவு வரட்டும். முடிவு தெரியாமல் ஒன்றைத் தகவலாகக் கொடுக்க முடியாது.

எட்டு மணி தாண்டிவிட்டது. இப்போதே பிந்திவிட்டது, தேடுவாள். அந்தத் தாளைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துக்கொள்கிறீர்களா? கண்ணாடி பையில் இருக்கிறது. ஆமாம், அப்படியே.

‘உலகு, பேப்பர்படி அணை நிலவரம். பாபநாசம்...’

இந்தக் கண்டக்டர் வேறு. ‘திருமங்கலம் எறங்கு’ என்று காதுக்குள் கத்துகிறார். இது வேண்டாம், அழித்துவிடுகிறேன். பஸ்ஸில் இருக்கிறேன் என்று தெரிந்தால் எங்கே என்று கேட்பாள். ஆட்கள் இறங்கட்டும். வண்டி நிற்கிறபோதே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் ஒரு உதவி, நான் பேசி முடிக்கிற வரை இருமாமல் இருங்கள். அவள் கடைசியைத்தான் முதலில் கேட்பாள். கடைசி வரி தெளிவாக விழ வேண்டும்.

‘பேப்பர்படி அணை நிலவரம். பாபநாசம் தொண்ணூற்று நாலு அடி. சேர்வலாறு நூற்று ஏழு. மணிமுத்தாறு எண்பத்தெட்டு, மாற்றம் இல்லை. மழை இல்லை. நல்லபடியாப் போயிட்டு வா.

பிற விவரம்...

பிற விவரம் இல்லை.’